நோய் ஓய்ந்தாலும் ஆய்வு ஓயலாகாது

சிக்குன்குனியாக் காய்ச்சலைப் பற்றி உலகெங்கும் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை ஆண்டுவாரியாக எண்ணி ஒரு வரைபடத்தில் குறித்தால், மக்கள் நலத்தில் அக்கறை கொண்ட எவரையும் கவலைகொள்ளச் செய்யும் கோடு ஒன்று எழும். 1955இல் தொடங்கும் அக்கோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தாழ்ந்தே செல்கிறது. அக்காலத்தில் ஓர் ஆண்டில் வெளிவந்தவை பெரும்பாலும் ஓரிரு பத்துகளுக்குள் அடங்கிவிடுகின்றன. 2006இல் அது செங்குத்தாக உயர்கிறது. 2014ஐ அடுத்து மறுபடியும் உயர்கிறது. அதன்பின் ஆண்டுக்குப் பல நூறு கட்டுரைகள் என்னும் நிலை வந்துவிட்டது.

அந்த ஐம்பது ஆண்டுகளிலும் நோய் தாழ்ந்து கிடக்கவில்லை. ஆப்பிரிக்காவின் சிற்றூர்களிலும், பாங்காக்கிலும், கொல்கத்தாவிலும், நம் சென்னையிலும் அது பெருந்திரளான மக்களைப் படுக்கையில் வீழ்த்தியது. தாழ்ந்து கிடந்தது ஆய்வுலகின் கவனமே. ஆகவே அக்கோடு நோயின் வரலாற்றைக் காட்டிலும் அக்கறையின் வரலாற்றையே மிகுதியாக உரைக்கிறது. ஒரு வெப்பமண்டலத் தீநுண்மி நோயைப் பற்றிய ஆய்வு வெளியீடுகளை ஆண்டுதோறும் கணக்கிட்டு வருவது நூலகத்தார்க்கு மட்டும் உரிய பணி அன்று. அரசு மேற்கொள்ள வேண்டிய பொதுநலக் கடமை. அக்கோடு தாழும் காலமே அரசு விழித்திருக்க வேண்டிய காலம். இதனை வலியுறுத்தவே எழுதுகிறோம்.

இந்நோய் அறிவியலின் கண்ணில் முதலிற் பட்டது 1952–53இல், இன்று தான்சானியாவைச் சேர்ந்ததும் அன்று தங்கனீக்கா எனப்பட்டதுமான நாட்டின் தென்கோடியில், மக்கொண்டே மேட்டுநிலத்தில். அங்கு நியுவாலா வட்டாரத்தில் பரவிய காய்ச்சலின் தன்மையை இராபின்சன், இலம்சுடன் ஆகியோர் 1955இல் ஆய்விதழில் விவரித்தனர். நோய்க்குக் காரணமான தீநுண்மியைப் பிரித்தெடுத்த செய்தியை 1956இல் இராசு வெளியிட்டார். 1958இல் பாங்காக்கில் அதே தீநுண்மி கண்டறியப்பட்டது. 1963இல் கொல்கத்தா, 1964இல் சென்னை.

சென்னை நகரில் மட்டும் அவ்வாண்டு 4 இலட்சம் பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. வேலூரும் புதுச்சேரியும் தப்பவில்லை. 1965இல் விசாகப்பட்டினம், இராசமுந்திரி, காக்கிநாடா, நாகபுரி என நோய் வடக்கே நடந்தது. காய்ச்சல் சில நாளில் தணிந்தும் மூட்டுகளின் வலி தணியாமல், எழவும் நடக்கவும் இயலாது மக்கள் முடங்கினர். நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் ஒருவர் முடங்கினால் அடுப்பு முடங்கும். ஒருவரல்லர், வீட்டிலுள்ளார் அனைவரும் ஒருசேர முடங்கிய நோய் அது.

அந்நாளில் நம் ஆய்வாளர் வாளாவிருந்தனர் என்று எவரும் பழிக்கவியலாது. 1952இல் இராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு புனேயில் தோன்றிய தீநுண்மி ஆய்வு மையம் களத்தில் இறங்கிற்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கேரி, மையர்சு முதலியோர் நோயாளிகளின் குருதியையும் கொசுக்களையும் பொறுமையுடன் ஆராய்ந்தனர். டெங்குவும் சிக்குன்குனியாவும் ஒரே பருவத்தில் ஒரே ஊரில் உடன் நடமாடின என்பதை அவர்கள் பதிவு செய்தனர். அந்த முழு விவரிப்பு அச்சேறியது 1969இல். அதே கேரி 1971இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, பழைய நூற்றாண்டுகளில் டெங்கு என்று பெயர்பெற்ற சில பெரும்பரவல்கள் உண்மையில் சிக்குன்குனியாவாகவே இருந்திருக்கக் கூடும் என்று ஆவணங்களை அடுக்கி வாதிட்டது. தமிழ்நாட்டு ஊரொன்றில் நோயாளியின் கட்டிலருகே தொடங்கிய ஆய்வு உலக மருத்துவ வரலாற்றையே திருத்தும் அளவுக்கு உயர்ந்தது. நம்மால் இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பின்பு என்ன நேர்ந்தது? 1973இல் மகாராட்டிரத்தின் பார்சியில் ஒரு பரவல் நிகழ்ந்தது. அதற்குப் பின் 2005ஆம் ஆண்டின் இறுதிவரை, 32 ஆண்டுகள், இந்தியாவில் பெரும்பரவல் எதுவும் பதிவாகவில்லை. நோய் மறைந்தது; நோயோடு ஆய்வும் மறைந்தது. குழுக்கள் கலைந்தன, நிதி பிற நோய்களை நோக்கிச் சென்றது. மருத்துவ மாணவர்க்கு அப்பெயர் பாடநூலின் ஓரத்தில் வரும் ஒருவரிச் செய்தியாயிற்று. ஒரு தலைமுறை மருத்துவர் இந்நோயை ஒரு முறையேனும் கண்ணாற் காணாமலேயே பணியேற்று ஓய்வும் பெற்றனர்.

அந்த நெடிய இடைவெளியின் விலை எத்தகையது என்பதை ஒரே நிகழ்ச்சியால் விளக்கலாம். 2000ஆம் ஆண்டில் புனே மாவட்டத்தின் யவத்து என்னும் ஊரில் பிடித்த கொசுக்களிலிருந்து சிக்குன்குனியாத் தீநுண்மி கிடைத்தது. 1963 முதல் 1973 வரை இந்தியாவில் பரவியது ஆசிய மரபுவகை. யவத்தில் கிடைத்ததோ ஆப்பிரிக்க மரபுவகை. 2005இன் இறுதியில் ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் தலைகாட்டி நாட்டைச் சூழ்ந்ததும் அவ்வகையே. பரவலுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வகை நம் நாட்டுக் கொசுவின் உடலில் இருந்தது. அதன் மரபுவகை இன்னதென்று ஆய்விதழில் வெளிவந்தது 2006இல், பரவல் பற்றியெரிந்த பின்னர். இதில் தனியொருவரையோ ஒரு நிலையத்தையோ குறைகூற நமக்கு மனமில்லை. ஓய்ந்துவிட்டதாகக் கருதப்பட்ட நோய்க்கு உடனடி மரபணு ஆய்வு செய்யும் நிதியும் ஆளும் ஆணையும் அந்நாளில் எங்கும் இல்லை. இல்லாமற் போனதற்கு நாட்டின் கொள்கையே பொறுப்பேற்க வேண்டும்.

இனி 2006இல் கோடு செங்குத்தாக எழுந்ததன் காரணத்தை நோக்குவோம். 2004இல் கென்யாவின் இலாமு தீவில் நோய் வெடித்தது. அங்கு மக்களில் நான்கில் மூன்று பங்கினர் நோய்த்தொற்றுக்கு ஆளாயினர் என்று குருதிநீர் ஆய்வு காட்டிற்று. 2005இல் கொமொரோசுத் தீவுகளுக்குச் சென்று, பெரிய கொமொரோவில் ஐந்தில் மூன்று பங்கினரைத் தொற்றியது. அதுவரை உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து அது இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவை அடைந்தது. அன்று எட்டு இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த அத்தீவு பிரான்சு நாட்டின் ஆட்சிப் பகுதி. 2006 பிப்பிரவரியில் ஒரே வாரத்தில் 40,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பரவல் முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரை அது தொட்டுவிட்டது. பிரெஞ்சு அரசின் நிதியும், பாரிசின் ஆய்வுக்கூடங்களும், முழு மருத்துவமனைக் கட்டமைப்பும் நோயை நோக்கித் திரும்பின. கோடு எழுந்தது அப்போதுதான்.

காலத்தை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ரீயூனியனில் பரவிய தீநுண்மியின் முழு மரபணு வரிசை பரவல் நடந்த அதே 2006ஆம் ஆண்டிலேயே ஆய்விதழில் வெளிவந்தது. இலாமுவில் 2004 அக்டோபரில் திரட்டிய குருதிநீர் ஆய்வின் முடிவு அச்சில் வந்தது 2008இல். தொற்றிய விகிதத்தில் இலாமு ரீயூனியனை விஞ்சியது. உலகின் அறிவில் இடம்பெறுவதற்கோ அது நான்கு ஆண்டுகள் காத்திருந்தது.

பிரெஞ்சு ஆய்வாளரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது அறமன்று. இன்று நாம் இந்நோயைப் பற்றி அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவ்வுழைப்பால் வந்தது. தீநுண்மியின் மேலுறைப் புரதம் ஒன்றில் நேர்ந்த ஒற்றை மாற்றம், ஏடிசு அல்போபிக்டசு என்னும் கொசுவில் அது எளிதில் பெருக வழிசெய்தது என்பது 2007க்குள் உறுதியாயிற்று. நகர்ப்புறத் தொட்டிகளில் வளரும் ஏடிசு எகிப்தி ஒன்றையே அஞ்சியிருந்த நாம், தோப்புகளிலும் தோட்டங்களிலும் வளரும் மற்றொரு கொசுவையும் அஞ்ச வேண்டியதாயிற்று. கேரளத்தின் இரப்பர்த் தோட்டங்களில், பால் வடிக்கக் கட்டிய சிரட்டைகளில் தேங்கிய மழைநீரில் அக்கொசு பெருகியதையும், அங்கும் அதே மாற்றம் பெற்ற தீநுண்மி பரவியதையும் விளங்கிக்கொள்ள அவ்வாய்வே துணைநின்றது. பேறுகாலத்தில் நோயுற்ற தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் என்பதும், மூட்டுவலி பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் என்பதும் ரீயூனியன் தீவின் மருத்துவர்கள் நோயாளிகளை விடாது பின்தொடர்ந்ததனால் நிலைநாட்டப்பட்ட உண்மைகள்.

இங்கே நம் நெஞ்சைத் தைக்கும் கேள்வி எழுகிறது. 1964இல் சென்னையில் நோயுற்ற 4 இலட்சம் பேருள் கருவுற்ற பெண்கள் இல்லையா? ஆண்டுக்கணக்கில் விரல் மடக்க இயலாது துன்புற்றோர் இல்லையா? இருந்தனர் என்பதில் ஐயமில்லை. பரவல் தணிந்தபின் அவர்களை ஐந்தாண்டு, பத்தாண்டு பின்தொடரும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. அதனால் அவர்கள் பட்ட துன்பம் அறிவாக மாறவில்லை. 2006இல் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படவுமில்லை.

2006இல் இந்தியாவில் 13.9 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளானதாக அரசுக் கணக்கு கூறிற்று. உயிரிழப்பு எதனையும் அக்கணக்கு இந்நோய்க்கு நேரடியாக உரித்தாக்கவில்லை. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இதனை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியது. அகமதாபாத்து நகரின் இறப்புப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு, 2006 ஆகத்து முதல் நவம்பர் வரை நிகழ்ந்த இறப்புகளை முந்தைய நான்கு ஆண்டுகளின் அதே மாதங்களோடு அவ்வாய்வாளர்கள் ஒப்பிட்டனர். எதிர்பார்த்ததைவிட 2,944 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்திருந்தன. அவை அனைத்தும் இந்நோயால் நிகழ்ந்தவை என்று அடித்துச் சொல்ல இயலாது. எனினும் எளிய காய்ச்சல் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று உயிர்க்கொல்லியாகவும் இருக்கக்கூடும் என்பதை அரசின் பதிவேடுகளைக் கொண்டே அக்கட்டுரை காட்டியது. பெரும்பொருட்செலவான கருவிகள் எவையும் இதற்குத் தேவைப்படவில்லை. தக்க கேள்வியும், ஒழுங்காகப் பேணிய ஏடும் போதுமானவையாயிருந்தன. ஆயிரம் கட்டுரைகளின் எண்ணிக்கையை விடவும் இத்தகைய ஒரு கட்டுரை நாட்டுக்கு நன்மை தரும்.

2007இல் கேரளத்திலிருந்து சென்ற ஒரு பயணியின் வழியே நோய் இத்தாலியின் வடகிழக்குச் சிற்றூர்களை அடைந்து 200க்கு மேற்பட்டோரைத் தொற்றியது. மிதவெப்ப ஐரோப்பாவில் இந்நோய் உள்ளூர்க் கொசுவால் பரவியது அதுவே முதன்முறை. 2013 திசம்பரில் கரீபியனின் செயின்ட் மார்ட்டின் தீவில் தொடங்கி, ஓராண்டுக்குள் அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஐயத்துக்குரிய நோயாளிகளாக்கியது. கோட்டின் இரண்டாம் ஏற்றம் அதனைத் தொடர்ந்தது. இந்நோயைப் பற்றி மிகுதியாக எழுதிய நாடுகளின் வரிசையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளும், பிரான்சும், இந்தியாவும் முன்னிற்கின்றன. நோயை உலகுக்கு முதலில் அறிவித்த கிழக்கு ஆப்பிரிக்க மண்ணின் பங்கு மிகச் சிறிது.

நடுநிலை தவறாதிருக்க வேறு சில உண்மைகளையும் சொல்லியாக வேண்டும். 2006இல் கோடு எழுந்ததற்குச் செல்வ நாட்டின் அச்சம் ஒன்றே காரணம் அன்று. மரபணு வரிசையைப் படிக்கும் கருவிகள் அக்காலத்தில் மலிவாயின. எவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்க ஆய்விதழ்கள் தோன்றின. அனைத்துத் துறைகளிலும் கட்டுரைகளின் எண்ணிக்கை உலகெங்கும் பெருகிவந்தது. ஆகவே ஒரு நோயைப் பற்றிய கட்டுரைகள் பெருகியதா என்று அறிய, மருத்துவக் கட்டுரைகள் அனைத்தினுள்ளும் அவற்றின் பங்கு பெருகியதா என்றே பார்க்க வேண்டும். இவ்வாறு பொருத்திப் பார்த்தாலும் இரு ஏற்றங்களும் ஐயத்துக்கிடமின்றித் தெரியும் என்பதே நம் துணிபு. ஏனெனில் சில பத்துகள் சில நூறுகளான பெருக்கத்தைப் பொதுவளர்ச்சி ஒன்றால் விளக்க இயலாது.

கணக்கெடுப்பின் குறைகளையும் மறைக்கலாகாது. உலக அட்டவணைகளில் இடம்பெறாத ஆய்விதழ்கள் நம் நாட்டில் பல. மாவட்ட நலத்துறை அலுவலர் எழுதிய பரவல் அறிக்கை, மருத்துவக் கல்லூரி மாணவரின் பட்ட ஆய்வேடு, கொசு ஒழிப்புப் பணியாளர் திரட்டிய களக்குறிப்பு ஆகியவை எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. டெங்கு என்று தவறாகக் கணித்த சிக்குன்குனியாப் பரவல் டெங்குவின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது; கேரி சுட்டிக்காட்டிய அந்தப் பழைய குழப்பம் ஆய்வகச் சோதனைக்கு வசதியில்லாத ஊர்களில் இன்றும் தொடர்கிறது. ஒரு பரவல் உச்சத்தை எட்டும்போது வெளிவருபவற்றுள் முன்னறிந்ததையே தொகுத்துரைக்கும் கட்டுரைகளும் சுருக்க மடல்களும் கணிசமானவை. அவற்றையும் புதிய கண்டுபிடிப்பையும் ஒரே எண்ணாக எண்ணினால் கோடு நம்மை ஏய்க்கும். எண்ணுவது போதாது, எவ்வெவ் வினாக்கள் விடைபெற்றன, எவை தீண்டப்படாமல் கிடக்கின்றன என்று வகைப்படுத்த வேண்டும்.

இவ்வகைக் கணக்கியல் தமிழர்க்கு அயலானது அன்று. 1879இல் பில்லிங்சு அமெரிக்காவில் மருத்துவக் கட்டுரைகளுக்கு மாதந்தோறும் அட்டவணை வெளியிடத் தொடங்கினார். 1964இல் கார்பீல்டு மேற்கோள் அட்டவணையை நிறுவினார். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே, 1948இல், நூலகப் பணியைப் புள்ளியியலால் அளந்தறியும் தனித்துறை ஒன்று வேண்டுமென்று இங்கிலாந்தில் கூடிய மாநாட்டில் முன்மொழிந்தவர் சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்த சீ. இரா. அரங்கநாதன். நூல்கள் பயன்பாட்டுக்கே என்று 1931இல் விதி வகுத்த அப்பேரறிஞரின் வழிவந்த நூலகத்தார், பொதுநலத் துறைக்குத் துணைநின்று நோய்களின் ஆய்வுக் கணக்கைப் பேணுவது அவர் விதித்த நெறியின் இயல்பான தொடர்ச்சியே ஆகும்.

ஆய்வு ஓய்ந்த ஆண்டுகள் எத்தகைய இழப்பைத் தரும் என்பதற்குத் தடுப்பூசியின் வரலாறு மற்றொரு சான்று. 1962இல் தாய்லாந்து நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற தீநுண்மியை வலுக்குறைத்து, அமெரிக்கப் படைத்துறை ஆய்வாளர்கள் 1980களில் ஒரு தடுப்பூசியை உருவாக்கினர். மனிதரிடையே நடந்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2000இல் வெளிவந்தது. பெரும்பாலோர்க்கு நல்ல எதிர்ப்பாற்றல் தோன்றிற்று. சிலர்க்கு மூட்டுவலியும் கண்டது. அக்குறையைத் திருத்தி மேலே செல்ல வேண்டிய நேரத்தில் முன்னுரிமைகள் மாறின, பணி நின்றது. சில ஆண்டுகளுக்குள் இந்தியப் பெருங்கடலில் நோய் வெடித்தபோது உலகின் கையில் தடுப்பூசி இல்லை.

முதல் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2023 நவம்பரில். அதுவும் நோய்த்தடுப்பை நேரே காட்டி அன்று, குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளின் அளவை அடிப்படையாகக் கொண்டு தரப்பட்ட விரைவு ஒப்புதல். ஏனெனில் சிக்குன்குனியாப் பரவல் திடீரென எழுந்து சில மாதங்களில் தணிந்துவிடுவது. சோதனைக்கு ஆயத்தம் செய்து முடிப்பதற்குள் நோய் ஊரைக் கடந்துவிடும். 2025இல் ரீயூனியன் மீண்டும் பெரும்பரவலுக்கு உள்ளானபோது அங்கு அத்தடுப்பூசி போடப்பட்டது. முதியோரிடையே கடும் பக்கவிளைவுகள் தெரியவந்தன. அவ்வாண்டு ஆகத்தில் அமெரிக்கா தன் உரிமத்தை இடைநிறுத்தியது. 2025 பிப்பிரவரியில் வேறுவகைத் தடுப்பூசி ஒன்றும் ஒப்புதல் பெற்றுள்ளது என்பது ஆறுதல். ஆயினும் முதியோர்க்கும் கருவுற்றோர்க்கும் பல நோய் உடையோர்க்கும் எது தகும் என்பது பல்லாண்டு பொறுமையான ஆய்வினால்தான் தெளிவாகும். பரவலின் பரபரப்பில் அதனைச் செய்ய முடியாது.

சிக்குன்குனியா தனித்த நிகழ்வும் அன்று. 1947இல் உகாண்டாவின் சிக்கா காட்டில் கண்டறிந்து 1952இல் உலகுக்கு அறிவித்த சிக்காத் தீநுண்மியைப் பற்றி அறுபது ஆண்டுகள் மிகச் சிலரே எழுதினர். பிரேசிலில் தலைசிறுத்துப் பிறந்த குழந்தைகள் உலகை உலுக்கி, 2016 பிப்பிரவரியில் உலக நலவாழ்வு நிறுவனம் அனைத்துநாட்டு நெருக்கடியை அறிவித்த பின்னரே கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கருவிலிருக்கும் குழந்தையை அது தாக்குமா என்ற வினாவை அமைதியான ஆண்டுகளில் எவரேனும் எழுப்பி விடைகண்டிருந்தால், பல தாய்மார்க்கு முன்னெச்சரிக்கை கிடைத்திருக்கும்.

ஆகவே அரசுகளிடம் நாம் ஐந்து செயல்களை வேண்டுகிறோம்.

முதலாவது, ஆண்டுக்கொரு கணக்கு. டெங்கு, சிக்குன்குனியா, சிக்கா, மூளைக்காய்ச்சல் போன்ற கொசுவழித் தீநுண்மி நோய்கள் ஒவ்வொன்றிலும் அவ்வாண்டு நோயுற்றோர் எத்தனை பேர், வெளிவந்த ஆய்வுகள் எத்தனை, அவை எந்த வினாவுக்கு விடைதேடின என்பதை அருகருகே வைத்து இந்திய மருத்துவ ஆய்வு மன்றம் பொதுமக்கள் காண வெளியிட வேண்டும். நோய் ஓரிடத்திலும் ஆய்வு வேறிடத்திலும் இருப்பது அதனால் வெளிப்படும்.

இரண்டாவது, அமைதி ஆண்டுகளுக்கான நிலைநிதி. பரவல் தணிந்ததும் நிறுத்தப்படும் நல்கை ஆய்வுக்குழுவைக் கலைத்துவிடுகிறது. பயிற்சி பெற்ற ஓர் ஆய்வகப் பணியாளரை இழப்பது எளிது. மீண்டும் உருவாக்கப் பல்லாண்டு ஆகும். நோய் குறைந்தாலும் குறையாத அடிப்படை நிதி, பத்தாண்டுக் காலத்துக்குக் குறையாத உறுதியோடு, சட்டப்படியான ஒதுக்கீடாக வேண்டும்.

மூன்றாவது, நோயுற்றோரைப் பின்தொடர்தல். ஒவ்வொரு பெரும்பரவலுக்குப் பின்னும் தேர்ந்த சில ஊர்களில் நோயுற்றோரைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து, அவர்தம் மூட்டுவலியையும் வேலையிழப்பையும் குடும்பக் கடனையும் பதிய வேண்டும். சேமித்த குருதிநீரும் கொசு மாதிரிகளும் உரிய காலத்தில் மரபணு ஆய்வுக்கு உட்படுவதை உறுதி செய்ய வேண்டும். யவத்து நிகழ்வு மறுமுறை நேரலாகாது.

நான்காவது, களத்தின் அறிவை அச்சேற்றல். 1939ஆம் ஆண்டிலேயே பொதுநலச் சட்டம் இயற்றிய பெருமையும், பொதுநலப் பணிக்கெனத் தனி அலுவலர் அணியும் உடைய மாநிலம் நம்முடையது. கிண்டியில் கிங் நிலையமும், அருகே புதுச்சேரியில் நோய்பரப்பி உயிரிகளை ஆராயும் மையமும் உள்ளன. மாவட்ட அறிக்கைகளை ஆய்வுத்தரத்துக்கு உயர்த்தி வெளியிடவும், அவற்றை எவரும் தேடிப் படிக்கத்தக்க அட்டவணையில் சேர்க்கவும் இவற்றின் கூட்டுமுயற்சி போதும். அவற்றின் சுருக்கம் தமிழிலும் வெளிவர வேண்டும். தம் ஊரில் திரட்டிய குருதியால் என்ன அறிந்தார்கள் என்பதை அறியும் உரிமை அவ்வூர் மக்களுக்கு உண்டு.

ஐந்தாவது, எண்ணிக்கையை நோக்காக்காமை. கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியர்க்குப் பதவி உயர்வும் கல்லூரிக்கு மதிப்பும் தரும் வழக்கம் பயனற்ற கட்டுரைகளையே பெருக்கும். வெளியீட்டுக் கணக்கு நாட்டின் அக்கறையை அளக்கும் கருவியாகவே இருக்க வேண்டும். தனியாள் தகுதியை நிறுக்கும் கருவியாக அதனை ஆக்கினால் கணக்கே பொய்த்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் பொருள் எங்கே என்று கேட்போர் உளர். அன்னார் 2006இன் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். இலட்சக்கணக்கானோர் இழந்த கூலி, மருந்துக்கு வாங்கிய கடன், அகமதாபாத்தில் கணக்கில் வாராமற்போன உயிர்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டால், சில ஆய்வுக்குழுக்களை முப்பதாண்டு நிலைநிறுத்தும் செலவு மிகச் சிறிது. பரவல் வந்தபின் செலவிடும் பொருள் பெரும்பாலும் துயர்துடைக்கவே போதும்; துயரைத் தடுப்பது வருமுன் செலவிடும் பொருளே.

2025இல் சீனத்தின் போசான் நகரில் ஆயிரக்கணக்கானோரைச் சிக்குன்குனியா தொற்றியது. முன்பு அதனை அறியாத ஊர்களுக்கும் அது சென்றுகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அதனைப் பரப்பும் இருவகைக் கொசுவும் உள்ளன. 2006க்குப் பின் பிறந்து எதிர்ப்பாற்றல் பெறாத இளந்தலைமுறையும் வளர்ந்து நிற்கிறது. அடுத்த பரவல் வரும் ஆண்டை எவராலும் கணித்துச் சொல்ல இயலாது. அவ்வாண்டில் நம் மருத்துவர் கையில் என்ன அறிவு இருக்கும் என்பதை மட்டும் இன்றே நம்மால் முடிவு செய்ய இயலும். நடுவணரசும் மாநில அரசும் வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்கான நிதியை ஒதுக்கி, முதல் ஆண்டுக் கணக்கை வெளியிடும் நாளையும் அறிவிக்க வேண்டும்.